டக்... டக்... டக்!

டெட்ராய்ட் நகரம். உள்ளங்கை விறைத்துப் போகும் பனிக்காலம். பெல் ஐல் என்கிற தீவுக்குப் போகும் பாலத்தில் ஒரு காடிலாக் கார் மக்கர் செய்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் ஒரு பெண்மணி. பின்னாலேயே இன்னொரு காரில் வந்த கனவான், பாவம் பார்த்து இறங்குகிறார். பெயர், பைரன் கார்ட்டர். அவரே சொந்தமாக கார் கம்பெனி நடத்துகிறவர். இதெல்லாம் அவருக்கு எம்மாத்திரம்?

காருக்கு முன்னால் போய் நின்று, கைப்பிடியைச் செருகி, ஓங்கி ஒரு சுற்று சுற்றினார். இன்ஜின் கிளம்பவில்லை. உதைத்தது. கைப்பிடி எதிர்ப்பக்கமாகச் சுழன்று வந்து அவர் தாடையைப் பெயர்த்துவிட்டது. காயம் ஆறாமல், ஒன்று மாற்றி ஒன்று சிக்கலாகி, கடைசியில் ஆளே போய்விட்டார்.

காடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டுக்கு கார்ட்டர் சிநேகிதர். செய்தி கேட்டு உடைந்து போனார். தன் கார் இனிமேல் இன்னொரு மனிதனைக் கொல்லக்கூடாது என்று இன்ஜினீயர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அப்படித்தான் பிறந்தது, கைப்பிடியைச் சுற்றாமல் தானே கிளம்பும் கார்.

உருக்கமான கதை. அமெரிக்க மோட்டார் சரித்திரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற கதையும்கூட. ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கிறது. கதை சொல்கிறவர்கள் பலரும் வருஷம் 1910 என்பார்கள். கார்ட்டர் காலமானது 1908 ஏப்ரலில்! புதிய கருவி காடிலாக் காரில் பொருத்தப்பட்டதோ 1911 பிப்ரவரியில். நடுவே கிட்டத்தட்ட மூன்று வருஷம். அழுத கண்ணோடு உடனே ஆர்டர் போட்டதாகச் சொன்னால்தான் கதைக்கு அழகு என்று யாரோ காட்சிகளை நெருக்கி ஒட்டியிருக்கிறார்கள்.

ஆனால், கைப்பிடி எலும்பை உடைத்ததில் கற்பனை எதுவும் இல்லை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஏற்படும் ஒருவகை எலும்பு முறிவுக்கு டாக்டர்கள் இன்றைக்கும் ‘ஷோஃபர் ஃப்ராக்சர்’ என்றுதான் பெயர் சொல்கிறார்கள். கார் டிரைவர் முறிவு! ஒரு தொழில் தன் பெயரை வைத்தியப் புத்தகத்தில் எழுதிவைக்கிற அளவுக்குக் கைகள் உடைந்திருக்கின்றன.

ஏன் உதைத்தது? விஷயம் ரொம்ப எளிது. பிஸ்டன் மேலே ஏறி உச்சியைத் தொடும் நேரத்தில் தீப்பொறி வரவேண்டும். இன்ஜின் வேகமாக ஓடும்போது பொறி கொஞ்சம் முன்கூட்டியே வரவேண்டும்; மெதுவாகச் சுற்றும்போது தாமதமாக வரவேண்டும். அந்தக் காலத்தில் இதை மாற்றுவதற்கு ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குட்டி நெம்புகோல் இருந்தது. ஸ்டார்ட் பண்ணுவதற்குமுன் அதைத் தாமதத்துக்குத் தள்ளிவிட்டு இறங்க மறந்தால் போச்சு. பிஸ்டன் பாதி மேலே வரும்போதே பெட்ரோல் வெடித்து, அதை வந்த வழியே திருப்பி அனுப்பும். கைப்பிடியும் கூடவே திரும்பும்.

அதனால்தான் அனுபவஸ்தர்கள் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டுதான் கைப்பிடியைப் பிடிப்பார்கள். சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் காலி. மேல்நோக்கி இழுக்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தக் கூடாது. நம் ஊரிலும் அம்பாசடர் டிக்கியில் இஸட் வடிவில் ஓர் இரும்புக் கம்பி உருண்டுகொண்டிருக்கும். பழைய டிரைவர்களைக் கேட்டால், இந்தக் கட்டைவிரல் சூத்திரத்தைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

ஆக, அன்றைக்குக் கார் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் அது கை வலிக்கிற பிரச்னை. இன்றைக்கு? சாவியைத் திருப்புகிறீர்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் நிசப்தம். எங்கேயோ ஒரு ஒயர், எதுவோ ஒரு இணைப்பு. கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் அகப்படாது. இந்தத் தலைவலியை நமக்குக் கொடுத்தவரும், இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தையை வாழ்நாள் பூராவும் செய்துகாட்டியவரும் ஒரே ஆள்தான்.

சார்லஸ் கெட்டரிங்.

* * *

1876-ல் ஒஹாயோ மாநிலத்தில், லவுடன்வில் என்கிற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். கண் பார்வை மோசம். படித்தால் தலை பிளக்கும். அதனாலேயே கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு, டெலிபோன் கம்பம் நடுகிற கோஷ்டியில் கூலி வேலைக்குப் போனார். குழி தோண்டி, கம்பம் நட்டு, ஒயர் இழுத்து, ‘எங்கே லைன் கட்டாகியிருக்கிறது’ என்று மைல் கணக்கில் தேடி நடந்து... அந்தச் சமயத்தில் கிடைத்த பாடத்தை எந்தக் கல்லூரியும் சொல்லித்தந்திருக்காது. பிறகு திரும்பவும் படிக்கப் போய், 1904-ல் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயராக வெளியே வந்தார்.

முதல் வேலை, டேட்டன் நகரத்தில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில். அதாவது கல்லாப்பெட்டி கம்பெனி. கடைக்காரர் பித்தானை அமுக்கி, கைப்பிடியைச் சுற்றினால்தான் அன்றைய கல்லா திறக்கும். ‘இதற்கு ஒரு மோட்டார் வைத்தால் என்ன?’ என்று கேட்டார் கெட்டரிங். பெரிய மோட்டார் வேண்டுமே, கல்லாவை விட மோட்டார் பெரிதாக இருக்குமே என்று மற்றவர்கள் யோசித்தார்கள்.

இவர் வேறு மாதிரி யோசித்தார். கல்லா நாள் பூராவுமா ஓடப்போகிறது? ஒரு விநாடி. அப்புறம் ஓய்வு. ஒரு விநாடிக்கு ஒரு சின்ன மோட்டார்மேல் அதன் சக்திக்கு மீறி பாரத்தை ஏற்றினால் ஒன்றும் ஆகிவிடாது. சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஒல்லியான ஆள்கூட ஒரு மூட்டையை லாரியிலிருந்து திண்ணைக்குத் தூக்கிவிடுவான். அதே மூட்டையோடு ஊர் சுற்றச் சொன்னால்தான் விழுந்துவிடுவான். அவ்வளவுதான் தத்துவம்!

1909-ல் அந்தக் கம்பெனியிலேயே பெரிய பொறுப்பில் இருந்த எட்வர்ட் டீட்ஸ் என்பவரோடு சேர்ந்து சொந்தக் கடை போட்டார். டேட்டன் இன்ஜினீயரிங் லேபரட்டரீஸ் கம்பெனி. சுருக்கமாக, டெல்கோ. பெயர்தான் பெரிது. இடம் என்னவோ டீட்ஸ் வீட்டுக்குப் பின்னாலிருந்த தானியக் கொட்டகை.

முதலில் அவர்கள் செய்தது பேட்டரியால் இயங்கும் இக்னிஷன். சரியான கணத்தில் ஒரே ஒரு நல்ல தீப்பொறி. காடிலாக் வாங்கிக்கொண்டது. பாயிண்ட், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் என்று அம்பாசடர், பத்மினி காலம் வரைக்கும் நம் மெக்கானிக்குகள் எமரி பேப்பர் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்களே, அந்த அமைப்புக்கு இன்ஜினீயரிங் புத்தகங்களில் ‘கெட்டரிங் இக்னிஷன்’ என்றே பெயர்.

அடுத்ததுதான் செல்ஃப் ஸ்டார்ட்டர்.

மோட்டார் வைத்து இன்ஜினைச் சுழற்றும் யோசனை கெட்டரிங்குக்கு முன்பே பலருக்கு வந்தது. இங்கிலாந்தில் 1896-லேயே டவுஸிங் என்பவர் ஒரு காரில் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் க்ளைட் கோல்மன் 1903-ல் பேட்டன்ட் வாங்கினார். காற்றழுத்தம், அசெட்டிலீன் வாயு என்றெல்லாம்கூட முயன்றார்கள். எதுவும் சரிப்படவில்லை. மின்சார நிபுணர்கள் கணக்குப் போட்டுச் சொன்னது இதுதான்: இன்ஜினைச் சுற்ற வேண்டுமானால் இன்ஜின் அளவுக்கே மோட்டார் வேண்டும், அந்த மோட்டாருக்குத் தீனி போட ஒரு வண்டி நிறைய பேட்டரி வேண்டும்.

கெட்டரிங் கல்லாப்பெட்டியை மறக்கவில்லை. இங்கேயும் சில விநாடிதானே வேலை? சின்ன மோட்டாரே போதும். இன்னொரு தந்திரமும் செய்தார். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, செலவான மின்சாரத்தைப் பேட்டரிக்குள் திரும்பக் கட்டிவிடும். கடனும் வட்டியும் அன்றைக்கே பைசல்! ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி செல்கள் வரிசையாகச் சேர்ந்து 24 வோல்ட் கொடுக்கும். ஓடும்போது பிரிந்து நின்று 6 வோல்ட்டில் விளக்கெரிக்கும்.

1912 மாடல் காடிலாக்கில் இது வந்தது. ஸ்டார்ட்டர், விளக்கு, இக்னிஷன் மூன்றும் ஒரே குடும்பம். இந்தச் சாதனைக்காக பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப், காடிலாக்குக்கு டூவார் கோப்பை கொடுத்தது. ஹென்றி ஃபோர்டின் மாடல்-டி வாங்கிய சாமானியர்கள் மட்டும் 1919 வரை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஒர்க்‌ஷாப்களில் ‘வண்டி செல்ஃப் எடுக்கல சார்’ என்கிறார்களே... அந்த ‘செல்ஃப்’ வந்த வழி இதுதான்.

* * *

சரி, செல்ஃப் எடுக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

பெரும்பாலும் நாம் செய்வது, பேட்டரியை மாற்றுவது. சில ஆயிரங்கள் காலி. நாலு நாள் கழித்து மறுபடி ‘டக்’. அடுத்து செல்ஃப் மோட்டார். மறுபடி சில ஆயிரங்கள். கடைசியில் எவரோ ஒரு பெரியவர் வந்து, பானெட்டைத் தூக்கி, ஒரு எர்த் ஒயரின் நட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கிவிட்டு, ஐம்பதோ நூறோ வாங்கிக்கொண்டு போய்விடுவார். வண்டி சிட்டாய்க் கிளம்பும். கார்ட்டர் காலத்துப் பழுது தாடையைத் தேடி வந்தது. இந்தக் காலத்துப் பழுது பர்ஸைத் தேடி வருகிறது.

அந்தப் பெரியவர் செய்தது மந்திரமல்ல. முதலில் காது கொடுத்தார். கார் ஸ்டார்ட் ஆகாமல் போகும்போது நாலே நாலு விதமாகத்தான் பேசும்.

ஒன்று, ‘டக டக டக டக’ என்று படபடப்பது. பேட்டரியில் சரக்கு இல்லை, அல்லது வழியில் கசிகிறது என்று அர்த்தம். ஸ்டார்ட்டரின் தலையில் சொலினாய்டு என்றொரு மின்காந்தச் சுவிட்ச் உண்டு. சாவி திருப்பியதும் அது மூடிக்கொண்டு மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும். மோட்டார் ஒரே மூச்சில் இழுத்ததும் பலவீனமான பேட்டரி படுத்துவிடும். காந்தத்துக்குப் பிடிமானம் போய், சுவிட்ச் விட்டுவிடும். பாரம் குறைந்ததும் பேட்டரி எழுந்து உட்காரும். மறுபடி மூடும். மறுபடி படுக்கும். அந்தச் சண்டையின் சத்தம்தான் டக டக.

இரண்டு, ஒரே ஒரு கனமான ‘டக்’. சுவிட்ச் மூடிவிட்டது, மோட்டார் சுற்றவில்லை. சொலினாய்டின் உள்தொடர்பு தேய்ந்திருக்கலாம். மோட்டாரில் கார்பன் தீர்ந்திருக்கலாம். கனமான ஒயர்களில் எங்காவது பூத்துப்போயிருக்கலாம்.

மூன்று, பேச்சு மூச்சே இல்லை. உள்ளே கூரை விளக்கைப் போட்டுப் பாருங்கள். அதுவும் எரியவில்லையென்றால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல். பளிச்சென்று எரிகிறதென்றால் சாவி சுவிட்ச், ஃப்யூஸ், ரிலே என்று மெல்லிய ஒயர்களின் பக்கம் தேட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கியர் ‘பார்க்’கிலோ நியூட்ரலிலோ இருக்கிறதா? சில வண்டிகளில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். இதற்காகவே டோ பண்ணிக்கொண்டு போன புண்ணியவான்கள் உண்டு.

நான்கு, இன்ஜின் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அப்படியானால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் நிரபராதிகள். அவர்களை விட்டுவிட்டு, தீப்பொறியும் பெட்ரோலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். டாஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா என்றும் பாருங்கள். திருட்டைத் தடுக்க ‘இம்மொபிலைஸர்’ என்கிற காவலாளியை ஐரோப்பாவில் 1998 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். சாவிக்குள் இருக்கும் சின்ன சில்லை அடையாளம் தெரியாவிட்டால், சொந்தக்காரரையும் அந்தக் காவலாளி திருடனாகத்தான் நினைப்பார்.

* * *

காது கொடுத்துக் கேட்டாயிற்று. அடுத்தது கணக்கு.

பி.காம். படித்தவர்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது என்ன செய்வோம்? எல்லா லெட்ஜரையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவோமா? வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து, அது எந்தப் பக்கம், எந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது என்று துரத்துவோம். மின்சாரத்திலும் அதேதான். கிர்காஃப் என்கிற ஜெர்மானியர் 1845-லேயே சட்டம் எழுதிவைத்துவிட்டார். பேட்டரியிலிருந்து கிளம்பிய வோல்ட்டேஜ், சுற்றைச் சுற்றிவந்து முடிக்கும்போது ஒரு பைசா பாக்கியில்லாமல் செலவாகியிருக்க வேண்டும். எங்கே, எவ்வளவு செலவானது என்பதுதான் கேள்வி.

முழுதாக சார்ஜ் ஆன நல்ல பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. செல்ஃப் போடும்போது எல்லா பேட்டரியும் கொஞ்சம் தாழும். 9.6-க்கும் கீழே விழுந்தால் சந்தேகப்படலாம்.

அதுவே பேட்டரி முனையில் 11 வோல்ட் நிற்கிறது, மோட்டாரின் வாசலில் 8 வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3 வோல்ட் எங்கே? நடுவில் யாரோ கமிஷன் அடித்திருக்கிறார்கள். யார்? பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போன ஒரு டெர்மினல். அல்லது பாடியையும் இன்ஜினையும் இணைக்கும் எர்த் பட்டை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஹெட்லைட் பிரமாதமாக எரியுதே, கனெக்‌ஷன் நல்லாத்தானே இருக்கு?’ என்பார்கள். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 9 ஆம்பியர். ஸ்டார்ட்டர் இழுப்பது, சின்னக் காரிலேயே 150 ஆம்பியர் பக்கம். டெர்மினலில் படிந்த உப்பு வெறும் 0.02 ஓம் தடை கொடுக்கிறது என்று கொள்வோம். 1827-ல் ஓம் சொன்னபடி பெருக்கிப் பாருங்கள். ஹெட்லைட்டுக்கு நஷ்டம் 0.18 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டருக்கு நஷ்டம் 3 வோல்ட். ஆள் அவுட்! சைக்கிள் தாராளமாகப் போகிற சந்தில் லாரி சிக்கிக்கொள்வதைப்போல.

இந்தத் திருட்டைப் பிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். அதன் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வையுங்கள். கவனிக்க... கிளாம்ப்பில் அல்ல, ஈய முனையிலேயே. இன்னொன்றை இன்ஜினின் வெறும் இரும்பில் வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, வேறொருவரை விட்டு செல்ஃப் போடச் சொல்லுங்கள். எர்த் சுத்தமாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அந்தப் பாதையில்தான் இருக்கிறான். பாசிட்டிவ் பக்கமும் இதேபோல, பேட்டரி முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட் வரை. சந்தேகத்தை ஒவ்வொரு கணுவாக நெருக்கிக்கொண்டே போனால் ஐந்து நிமிடத்தில் ஆள் அகப்படுவான். எந்தப் பொருளையும் கழற்றவில்லை, எதையும் புதிதாக வாங்கவில்லை.

இந்த மல்டிமீட்டருக்கும் ஒரு சின்னக் கதை உண்டு. பிரிட்டிஷ் தபால் துறையில் டெலிபோன் லைன்களைப் பராமரித்த டொனால்ட் மெக்காடி என்கிற இன்ஜினீயருக்கு, ஆம்பியருக்கு ஒரு மீட்டர், வோல்ட்டுக்கு ஒரு மீட்டர், ஓமுக்கு ஒரு மீட்டர் என்று தூக்கிச் சுமந்து அலுத்துப்போனது. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டார். 1923-ல் ‘ஏவோமீட்டர்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. கெட்டரிங் ஆரம்பித்ததும் டெலிபோன் கம்பத்தில், மெக்காடி அலுத்துக்கொண்டதும் டெலிபோன் லைனில். காரின் பழுதைக் கண்டுபிடிக்கும் கலையில் பாதி, தந்திக் கம்பத்திலிருந்து இறங்கி வந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்க்ரூடிரைவரை வைத்து சொலினாய்டை ‘ஷார்ட்’ பண்ணி ஸ்டார்ட் செய்யும் வித்தையைப் பார்த்திருப்பீர்கள். கியரில் இருக்கும் வண்டி அப்போது எகிறிக் குதித்து, முன்னால் நிற்கிறவர்மீது ஏறிவிடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் பக்கத்தில் தீப்பெட்டி உரசக் கூடாது. மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டுக் கைவைப்பது உத்தமம்.

பிரிட்டனில் கார் எலெக்ட்ரிக்கல்ஸ் என்றாலே பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனிதான். மழை பெய்தால் விளக்கு அணைகிறது என்று அலுத்துக்கொண்ட அந்த ஊர்க்காரர்கள், அதன் ஸ்தாபகருக்கு ‘இருட்டின் இளவரசர்’ என்று பட்டமே கொடுத்துக் கிண்டலடித்தார்கள். அந்த லூகாஸும் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து 1961-ல் சென்னை பாடியில் ஆரம்பித்ததுதான் லூகாஸ் டி.வி.எஸ். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு லூகாஸ் என்பது ஸ்டாப்பிங்கின் பெயர். இந்திய ரோடுகளில் எத்தனையோ வண்டிகளின் ‘செல்ஃப்’ பிறந்த ஊர் அதுதான்.

* * *

கெட்டரிங் விஷயத்துக்கு வருவோம். அவர் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய ‘எலெக்ட்ரிக்கல் ஃபால்ட்’ ஒன்று காத்திருந்தது.

புதிய காடிலாக் கார்கள் மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குள் ‘டங் டங்’ என்று சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம். நாக்கிங். ‘நாங்கள் அப்பவே சொன்னோமே, எல்லாம் அந்த டேட்டன்காரரின் பேட்டரி இக்னிஷன் செய்கிற வேலை’ என்று போட்டிக் கம்பெனிகள் கை நீட்டின. மேக்னெட்டோ என்கிற பழைய பொறிக் கருவியைத் தயாரித்தவர்கள் அவர்கள். புதிதாக வந்த மருமகள்மீது பழி போடுவது சுலபம் இல்லையா?

கெட்டரிங் கோபப்படவில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். 1916-ல் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்கிற இளைஞரிடம் பொறுப்பைக் கொடுத்தார். இன்ஜினுக்குள் அழுத்தம் எந்தக் கணத்தில் எகிறுகிறது என்று அளந்து பார்த்தார்கள். பொறி சரியாகத்தான் விழுகிறது. அதற்குப் பிறகுதான் கோளாறு. மீதமிருக்கும் பெட்ரோல் ஆவி ஒழுங்காக எரியாமல் சட்டென்று வெடிக்கிறது. மின்சாரம் நிரபராதி. குற்றவாளி எரிபொருள்!

நோய் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மருந்து?

1921 டிசம்பர் 9. டெட்ரா எத்தில் லெட் என்கிற ஈயச் சேர்மத்தைத் துளியூண்டு பெட்ரோலில் கலந்தார் மிட்ஜ்லி. நாக்கிங் போன இடம் தெரியவில்லை. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் அதைக் கணிசமாகக் கலக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் காய்ச்சிக்கொள்ளலாம். பேட்டன்ட் லாபம் கிடையாது. ஈயம் கொஞ்சம் போதும், காசும் கொட்டும். ஈயம் விஷம் என்பதும் ரகசியமில்லை. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்துப் போனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய கூச்சல் எழுந்து, கொஞ்ச நாளில் அடங்கியது. விற்பனை தொடர்ந்தது.

அதன்பின் பல தலைமுறைக் குழந்தைகள், ரோட்டோரம் நின்ற ஒரே பாவத்துக்காக ஈயத்தைச் சுவாசித்தார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும் என்பது பின்னால் ஆராய்ச்சிகளில் நிரூபணமானது. அமெரிக்க ரோடுகளில் 1996-ல் தடை. இந்தியாவில் 2000 பிப்ரவரியில் ஈய பெட்ரோல் நின்றது. உலகத்தில் கடைசியாக அதை நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில்.

கைப்பிடியிடமிருந்து எத்தனையோ கைகளைக் காப்பாற்றிய மனிதரின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்துதான் இதுவும் வெளியே வந்தது. கெட்டரிங் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவராக இருந்து, 1958-ல் காலமானார். நியூயார்க்கில் புகழ்பெற்ற ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிலையத்தின் பெயரில் இருப்பவரும் இவரே. பழுது எங்கே என்று தேடுவதில் அவர் காட்டிய பொறுமையில் பாதியை, போடப்போகும் மருந்து வேறு எங்கே பழுது உண்டாக்கும் என்று பார்ப்பதிலும் காட்டியிருக்கலாம்.

* * *

கடைசியாக ஒரு வேடிக்கை.

1900-ல் அமெரிக்காவில் தயாரான கார்கள் 4,192. அதில் நீராவியில் ஓடியவை 1,681. பேட்டரியில் ஓடியவை 1,575. பெட்ரோல் கார்கள் வெறும் 936! பேட்டரி காருக்குக் கைப்பிடி சுற்றும் அவஸ்தை இல்லை என்பதால் பெண்கள் அதை விரும்பினார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே 1914 மாடல் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்கிற பேட்டரி காரைத்தான் ஓட்டினார். ஊருக்கெல்லாம் மாடல்-டி விற்றவர் வீட்டு நிலைமை அது.

பெட்ரோல் கார் மலிவானது, தூரம் போனது. அதன் ஒரே பெரிய குறை அந்தக் கைப்பிடி. ஒரு சின்ன பேட்டரியும் ஒரு சின்ன மோட்டாரும் அந்தக் குறையைத் தீர்த்ததும், பெரிய பேட்டரியும் பெரிய மோட்டாரும் வைத்திருந்த கார்கள் மெல்ல மெல்ல மறைந்தன. மின்சாரக் காரை ஓரங்கட்டியதில் மின்சாரத்துக்கே பெரிய பங்கு!

நூறு வருஷம் கழித்து அவை திரும்பி வந்துவிட்டன. நூற்றுக்கணக்கான வோல்ட் பேட்டரி, இன்ஜினே கிடையாது, செல்ஃப் மோட்டாருக்கு வேலையே இல்லை. அப்பாடா, இனி ‘ஸ்டார்ட் ஆகல’ என்ற பேச்சே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சுகளையும், கம்ப்யூட்டரையும் உயிர்ப்பிக்க, பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் ஒரு மூலையில் பழைய 12 வோல்ட் பேட்டரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது படுத்துவிட்டால், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கார், பெரிய பேட்டரி நிறைய சார்ஜை வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

அப்போதும் அந்தப் பெரியவர் வருவார். முதலில் டெர்மினலைத்தான் ஆட்டிப் பார்ப்பார்.